ஷிஃப்டை ரத்து செய்தது யார்? டிராவல் நர்ஸ் ஒப்பந்தத் தகராறுகளைக் கையாளும் வழி

அமெரிக்காவில் டிராவல் நர்ஸ் (ஏஜென்சி வழியாக மருத்துவமனைகளில் தற்காலிகமாக வேலை பார்க்கும் நர்ஸ்) ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரத்துக்குப் போடப்படும். வாரத்துக்கு 12 மணி நேர ஷிஃப்ட் மூன்று, அதாவது 36 மணி நேரம். சம்பளம் கொடுப்பது ஏஜென்சி, ஷிஃப்ட் போடுவது மருத்துவமனை. ஏஜென்சி கையெழுத்து வாங்கிய தாளை வார்டு மேனேஜர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன. (கிரீன் கார்டு ஸ்பான்சர் செய்து இரண்டு மூன்று வருடத்துக்கு எழுதி வாங்கும் ஒப்பந்தங்கள் வேறு வகை. அவை இங்கே வரவில்லை.)

ஒரு ஷிஃப்ட் போனால் எவ்வளவு போகும் என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 25 டாலர் சம்பளம், வாரத்துக்கு 1,200 டாலர் வீட்டு, சாப்பாட்டுப் படி என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரம் குறைந்தால் சம்பளத்தில் 300 போகும். படியையும் மணிக்கணக்கில் வெட்டினால் இன்னொரு 400. அதற்கு மேல் 'வேலை செய்யாத மணிக்கு இவ்வளவு அபராதம்' என்றும் ஒரு வரி இருக்கலாம். ஆக, ஒரு நாளுக்கு 700 டாலரும் அதற்கு மேலும். அந்த நாளை மருத்துவமனை ரத்து செய்ததா, நீங்களாக வரவில்லையா என்பதைப் பொறுத்துத்தான் இந்தப் பணம் யாருடையது என்பது முடிவாகும்.

கையெழுத்துக்கு முன்னால்

'உத்தரவாத மணி நேரம்' (மருத்துவமனை ஷிஃப்டை ரத்து செய்தாலும் சம்பளம் உண்டு என்று ஒப்புக்கொண்ட மணி நேரம்) என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டும் போதாது. அது ஒரு வாரத்துக்கா, இரண்டு வாரச் சம்பளக் காலத்துக்கா? மருத்துவமனை பணம் தராமல் எத்தனை ஷிஃப்டை ரத்து செய்யலாம்? இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தால், 13 வாரத்தில் ஆறு ஷிஃப்ட் வரை போகலாம். முதல் வார ஓரியன்டேஷனுக்கு உத்தரவாதம் பொருந்துமா? ரத்து செய்ய எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும்? ஒப்பந்தத்தை முறிக்க இரு தரப்புக்கும் ஒரே அவகாசமா, உங்களுக்கு மட்டும் இரண்டு வாரமா? ஃப்ளோட் (ஆள் பற்றாக்குறைக்காக வேறு வார்டுக்கு மாற்றுவது) அனுப்பும் வார்டுகள் பெயரோடு இருக்கின்றனவா?

இன்டர்வியூவில் மேனேஜர் "லீவா, அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பார். அதை நம்பாதீர்கள். லீவு தேதிகள், பகலா இரவா, அடுத்தடுத்த நாள் ஷிஃப்டா என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே ஏற வேண்டும். ரெக்ரூட்டரின் (ஏஜென்சியில் உங்களைக் கையாளுபவரின்) வாட்ஸ்அப் செய்தி பிற்பாடு ஆதாரமாக உதவும், ஆனால் "இந்த ஒப்பந்தமே முழுமையானது" என்ற வரி இருந்தால் அதன் பலம் குறைந்துவிடும்.

"வீட்டுக்குப் போகணுமா?"

மருத்துவமனையில் நோயாளிகள் குறைந்தால் முதலில் கழற்றிவிடப்படுவது டிராவலர்தான். அதிலும் உங்களைக் கேட்கும் விதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குச் சார்ஜ் நர்ஸ் (அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான நர்ஸ்) வந்து, "கூட்டமில்லை, போகணும்னா போங்க" என்பார். தலையாட்டிவிட்டுக் கிளம்பினால் அது 'தானாகப் போனார்' என்று பதிவாகும். உத்தரவாதம் அங்கேயே விழுந்துவிடும். பதிலுக்கு இவ்வளவுதான் கேட்க வேண்டும்: "நான் வேலை செய்யத் தயார். மருத்துவமனை என்னை ரத்து செய்கிறதா?" ஆமாம் என்றால் சொன்னவர் பெயர், நேரம், காரணம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வாசலைத் தாண்டுவதற்குள் ரெக்ரூட்டருக்கு மெயில் போய்விட வேண்டும். அடுத்து டைம்ஷீட்டில் எந்தக் காரணம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். தப்பாக இருந்தால் அதே சம்பளக் காலம் முடிவதற்குள் திருத்தச் சொல்லுங்கள். ஏஜென்சியிலிருந்து மருத்துவமனைக்குப் பில் போன பிறகு திருத்துவது பெரும்பாடு.

ரத்து செய்துவிட்டு 'ஸ்டாண்ட்பையில் இருங்கள்' என்றால் அது வேறு கணக்கு. அதற்கு மணிக்கு எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் வந்து சேர வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், ஒப்புக்கொள்வதற்கு முன் ஏஜென்சியைக் கேளுங்கள்.

ஷெட்யூல் வெளியான அன்றே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றினால் ஒப்பிட அதுதான் கையில் இருக்கும். நோயாளி பெயர் தெரியும் அசைன்மென்ட் தாளைப் படம் எடுத்துவிடாதீர்கள், அது நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டப் பிரச்சினை. போன் பேச்சைப் பதிவு செய்வதிலும் கவனம் வேண்டும்: கலிஃபோர்னியாவில் எதிர்முனையின் சம்மதமில்லாமல் அந்தரங்க உரையாடலைப் பதிவு செய்வதே குற்றம். பேசி முடித்ததும் "நாம் இப்போது பேசியது இதுதான்" என்று ஒரு மெயில் அனுப்புவது அதைவிட மேல்.

தெரியாத வார்டு, நடுவழியில் வேலையை விடுவது

பழக்கமில்லாத வார்டுக்கு அனுப்பினால் ரிப்போர்ட் வாங்குவதற்கு (முந்தைய நர்ஸிடமிருந்து நோயாளிகளை ஏற்றுக்கொள்வதற்கு) முன்பே பேசிவிடுங்கள். பொதுவாக, நோயாளிகளை ஏற்றுக்கொண்டபின் யாரிடமும் ஒப்படைக்காமல் போவதைத்தான் நர்சிங் போர்டுகள் 'நோயாளியைக் கைவிடுதல்' என்கின்றன. ஒப்பந்தத்தைப் பாதியில் முறிப்பது வேலை தொடர்பான விவகாரம். "லைசென்ஸ் போய்விடும்" என்று ரெக்ரூட்டர் மிரட்டினால் இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். ஆனால் போர்டு விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அந்த மாநிலத்தின் விதியைப் படித்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். டெக்சாஸில், பாதுகாப்பற்றது என்று நினைக்கும் வேலையை ஆட்சேபிக்கும் நர்ஸுக்கு 'சேஃப் ஹார்பர்' என்ற பாதுகாப்பு உண்டு: வேலையை ஏற்கும் முன்போ, ஷிஃப்ட் நடுவில் நிலைமை மாறும்போதோ அதைக் கோர வேண்டும். ஷிஃப்ட் முடிந்தபின் கோரினால் செல்லாது.

மருத்துவமனை உங்களை 'டிஎன்ஆர்' பட்டியலில் போடலாம். இந்த இடத்தில் அதற்கு 'மறுபடி வேலைக்கு எடுக்காதே' என்று பொருள். மருத்துவமனை ஒரு குழுமத்தைச் சேர்ந்தது என்றால் அதன் மற்றக் கிளைகளிலும் கதவு மூடலாம். சண்டையை எவ்வளவு தூரம் கொண்டுபோவது என்று கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதி ஒப்பந்தத்தில் சம்பளக் குறைப்பு

2022இல் கொரோனா நெருக்கடி தணிந்தபோது பல நர்ஸ்களுக்கு இது நடந்தது, வழக்குகளும் போடப்பட்டன. "புதிய ரேட்டுக்குக் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் இன்றோடு முடிந்தது" என்று மெயில் வந்தால் உடனே கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே செய்த மணி நேரத்துக்குப் பழைய ரேட்தான் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்சி தன் விருப்பப்படி முடிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் எதிர்கால மணிகளுக்காகப் போராடுவது கடினம். வீட்டு வாடகையை மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கும்படி எடுத்திருந்தால் அன்றைக்கு மூச்சு விட முடியும்.

ஓவர்டைம் கணக்கையும் சரிபாருங்கள். 2021இல் கிளார்க் எதிர் ஏஎம்என் சர்வீசஸ் வழக்கில் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், வேலை செய்த மணிக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்த படியைச் சம்பளமாகவே கருதி ஓவர்டைம் விகிதத்தில் சேர்க்க வேண்டும் என்றது. மேலே போட்ட கணக்கின்படி (மணிக்கு 25 டாலர், படி 1,200) ஒரு நர்ஸ் ஒரு வாரத்தில் 48 மணி நேரம் உழைத்தால், மத்தியச் சட்டக் கணக்கில் படியைச் சேர்க்காமல் ஓவர்டைமுக்கான கூடுதல் பங்கு 100 டாலர், சேர்த்தால் 200. கலிஃபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா போன்ற மேற்கு மாநிலங்கள் அந்த நீதிமன்றத்தின் கீழ் வருகின்றன.

யாரிடம் போவது

முதலில் ரெக்ரூட்டர். இரண்டு வேலை நாளில் பதில் இல்லையென்றால் அவருடைய மேலாளர், பேரோல் பிரிவு இரண்டுக்கும் ஒரே மெயில். அதில் தேதி, மணி நேரம், ஒப்பந்தப் பிரிவு எண், வர வேண்டிய தொகை மட்டும் இருக்கட்டும், கோபம் வேண்டாம். மேனேஜரிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை, ஆனால் "ஆமாம், நாங்கள்தான் ரத்து செய்தோம்" என்று அவர் எழுதித் தரும் ஒரு வரி பொன்னுக்குச் சமம். அதற்கும் அசையவில்லையென்றால் வேலை செய்த மாநிலத்தின் தொழிலாளர் துறையில் சம்பளப் புகார். மத்திய ஓவர்டைம் கோரிக்கைக்குக் காலக்கெடு இரண்டு வருடம், வேண்டுமென்றே மீறியதாக நிரூபித்தால் மூன்று. பெரிய தொகை என்றால் தொழிலாளர் சட்ட வக்கீலிடம் முதலில் காட்ட வேண்டியது, ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதில் நடுவர் தீர்ப்பது) பிரிவும் எந்த மாநிலச் சட்டம் பொருந்தும் என்ற வரியும்.

எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் "இன்னும் 13 வாரம் இருப்பீர்களா?" என்ற கேள்வி வரலாம். பாக்கியை வசூலிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. பாக்கி கணக்கில் ஏறியபின் நீட்டிப்பில் கையெழுத்திடுங்கள். பழைய ஒப்பந்தத்தில் வாங்கிய லீவும் ஷிஃப்ட் நிபந்தனைகளும் தானாக இதில் தொடராது, புதிய தாளில் மறுபடியும் எழுதி வாங்க வேண்டும்.