மெட்டல் டிடெக்டரோடு கிளம்பும் முன்: முந்தின நாளே நடந்துவிடும் தவறுகள்

மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவருக்குத் தேடப் போகும் நாளைவிட அதற்கு முந்தைய இரவுதான் இனிமையானது. பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்; பை கதவோரம் தயாராக நிற்கும்; மனம் மட்டும் அதற்குள் ஒரு தங்கக் காசைத் துடைத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கும். அந்த ஆசை வேண்டியதுதான். அது இல்லாவிட்டால், நாள் முழுக்கக் குனிந்து துருப்பிடித்த ஆணிகளைப் பொறுக்கும் வேலைக்கு யார் வருவார்கள்? ஆனால் அந்த ஆசை முழுவதையும் கருவி மீதே கொட்டிவிட்டு, போகப்போகும் நிலத்தைப் பற்றி ஒரு மணி நேரம்கூடச் செலவிடாமல் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். வெறுங்கையோடு திரும்புவது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, “யார் கேட்கப்போகிறார்கள்” என்று கிளம்புவது. கேட்பார்கள். நிலத்துக்கு உரிமையாளர் உண்டு. மண்ணுக்குள் இருப்பதற்குச் சட்டமும் உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது: 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதையல் என்று கருதத்தக்கதை 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அயர்லாந்தில் தொல்பொருளைத் தேடுவதற்காகக் கருவியைப் பயன்படுத்தவே முன் அனுமதி தேவை. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் பக்கம் டிடெக்டரோடு போவதை எந்த நாடும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2015இல் இங்கிலாந்தின் லெமின்ஸ்டர் அருகே பழைய காசுகளும் நகைகளும் கொண்ட புதையல் ஒன்றைக் கண்டெடுத்து, அறிவிக்காமல் விற்கப் பார்த்த இருவர் 2019இல் சிறைக்குப் போனார்கள். நூற்றுக்கணக்கில் இருந்ததாகக் கருதப்படும் காசுகளில் மீட்கப்பட்டவை சில பத்துகள்தாம்.

நில உரிமையாளரிடம் “கொஞ்சம் தேடிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டு, அவர் தலையாட்டினால் போதும் என்று நினைப்பது அடுத்த பிழை. எந்தப் பகுதிவரை போகலாம், எவ்வளவு ஆழம் தோண்டலாம், விதைத்த இடம் எது, ஏதாவது கிடைத்தால் பங்கு எப்படி என்பதையெல்லாம் முன்பே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. பொருள் கிடைத்த பிறகு பேசும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இடத்தேர்வுக்கு வருவோம். வண்டி நிறுத்த வசதியான இடம், காணொளியில் பார்த்த இடம், எல்லோரும் போகும் இடம் ஆகிய மூன்றையும் தேடி ஓடுகிறோம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே மனிதர்கள் எங்கே நின்றார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், எங்கே கைமாற்றினார்கள்? காசு விழுவது அங்கேதான். பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு வைத்துப் பாருங்கள். இன்று இல்லாத ஒரு பாதை வயலைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போயிருக்கும். ஆற்றைக் கடக்கும் துறை ஒன்று இடம் மாறியிருக்கும். சந்தை கூடிய திடல் ஒன்று வெறும் புல்வெளியாகியிருக்கும். அந்தப் பகுதியில் நெடுநாள் வாழ்ந்த முதியவர் ஒருவரோடு அரை மணி நேரம் பேசினால், விலையுயர்ந்த கருவி தராத தகவல் கிடைக்கும். இன்னொன்று: வேறெங்கிருந்தோ மண் கொண்டுவந்து மேடாக்கிய இடமா என்று விசாரியுங்கள். அப்படியென்றால், பழைய தரை கருவிக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கலாம்.

அந்த ஆழம் பற்றித்தான் எத்தனை கற்பனை! சாதாரணமாகப் பலர் வைத்திருக்கும் வகைக் கருவி, நல்ல மண்ணில், காசு அளவுள்ள பொருளை ஏறக்குறைய 20 செ.மீ. ஆழம்வரை உணரும். ஒரு மீட்டர் ஆழத்துக் காசைக் கனவு கண்டு போகிறவருக்கு ஏமாற்றம் உறுதி.

புதுக் கருவியின் பெட்டியைக் களத்தில் வைத்துப் பிரிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இது எனக்குப் புரியாத அவசரம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆணி இல்லாத மர மேசை மேல் ஐந்து பொருட்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள்: இரும்பு ஆணி, கசக்கிய அலுமினியத் தாள், குளிர்பான டின்னின் இழுப்பு வளையம், தங்க மோதிரம், செம்புக் காசு. கருவியின் அடிமுனையில் உலோகத்தை உணரும் தட்டான காயிலைச் சற்று உயரத்தில் பிடித்து, ஒவ்வொன்றின் மேலும் மெதுவாக வீசிப் பாருங்கள். ஆணிக்குத் தாழ்ந்த உறுமல் வரும். செம்புக்குத் தெளிவான உயர்ந்த ஒலி. சிக்கல் நடுவில்தான் இருக்கிறது. உலோகம் எதுவென ஊகிக்கத் திரையில் தோன்றும் எண், இழுப்பு வளையத்துக்கும் மோதிரத்துக்கும் பல கருவிகளில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். குப்பையைத் தோண்டி அலுத்தவர்கள், அந்த எண்களுக்கு ஒலி எழாதபடி முந்தின நாளே கருவியை மௌனமாக்கிவிட்டுக் கிளம்புவார்கள். டின் வளையத்தோடு சேர்ந்து தங்கமும் மௌனமாகிவிடும். இரும்பை விலக்கும்போதும் கவனம் வேண்டும்: அதே சோதனையில் காசையும் ஆணியையும் விரல்கடை இடைவெளியில் வைத்துப் பாருங்கள், காசின் ஒலி எப்படித் துண்டு துண்டாகிறது என்று தெரியும். அந்த உடைந்த ஒலியைக் காதில் ஏற்றிக்கொண்டு போகிறவர், மற்றவர்கள் கடந்துபோகும் இடத்தில் நிற்பார்.

உணர்திறனை உச்சத்தில் வைத்தால் அதிகம் கிடைக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. மின்கம்பிகளுக்கு அடியிலோ இரும்புத்தாது நிறைந்த மண்ணிலோ அது ஓயாத சலசலப்பை மட்டுமே தரும். கருவி அமைதியாகும்வரை குறைப்பதே சரி. அதற்கும் முன்னால், உலோகம் இல்லாத ஒரு திட்டில் காயிலை மேலும் கீழுமாக ஆட்டி, மண்ணுக்கேற்பக் கருவியைச் சமன்செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்பதைக் கையேட்டில் முந்தின நாளே படித்துவிடுங்கள். வெயிலில் நின்று யாரும் கையேடு படிப்பதில்லை. கடற்கரையின் ஈர உப்பு மணல் தனிக் கதை. ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் கருவிகள் அங்கே தடுமாறும். பல அதிர்வெண்களில் இயங்குபவையும், விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும் பல்ஸ் வகைக் கருவிகளும்தான் தாக்குப்பிடிக்கும். அங்கே போவதென்றால் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, கடல் வற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் இறங்குங்கள். தண்ணீர் திரும்பி ஏறும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாமான்களில் நீளமான பட்டியல் தேவையில்லை. காலணியின் முனையில் இரும்புத் தகடு இருந்தால் கருவி உங்கள் காலையே கண்டுபிடித்துக்கொண்டிருக்கும். கைபேசியைக் காயிலிலிருந்து தள்ளி வையுங்கள். ஹெட்போன் கட்டாயம், மெல்லிய ஒலி காற்றில் போய்விடும். குழிக்குள் துழாவ ஒரு சின்னக் கை டிடெக்டர் இருந்தால் பாதி நேரம் மிச்சம். தோண்டிய மண்ணைக் கொட்ட ஒரு துணி, உடைந்த கண்ணாடியிலிருந்து கையைக் காக்கத் தடித்த உறை, குப்பைக்கும் கண்டெடுத்ததற்கும் தனித்தனிப் பை. புல்தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தை மடித்துத் திறந்தால், மூடிய பிறகு புல் பிழைத்துக்கொள்ளும். திறந்த குழியை விட்டுப் போகிறவருக்கு அந்த நிலத்தில் இரண்டாவது அனுமதி கிடைக்காது, அவருக்குப் பின்னால் வருபவர்களுக்கும் கிடைக்காது. போர் நடந்த நிலமென்றால் வெடிக்காத குண்டுகள் பற்றி முன்பே விசாரியுங்கள். சந்தேகப்படும்படி ஏதாவது தென்பட்டால் கையை எடுத்துவிட்டு, விலகிப்போய்க் காவல்துறையை அழையுங்கள்.

கிடைக்காமல் போவதற்கே எல்லோரும் மனத்தைத் தயார்செய்துகொள்கிறார்கள். கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று திட்டமிடுகிறவர் அரிது. காசைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கும் அந்த முதல் அசைவே பாதி எழுத்தை அழித்துவிடக்கூடும். மண்ணோடு ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் சீட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரத் தொடங்கினால் தோண்டுவதை நிறுத்த வேண்டும், இதுதான் கடினம். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் ஊருக்கருகே எரிக் லாஸ் அதைச் செய்தார். விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனவர் அவர். வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும் மேலே வந்ததும், முழுவதையும் தோண்டி எடுக்காமல் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்ததால்தான், ஏறக்குறைய 15,000 ரோமானியக் காசுகளும் நகைகளும் ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுகூடத் தெரியவந்தது. யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். அந்த அலுவலகத்தின் எண்ணை, பேட்டரி சார்ஜ் ஏறும் நேரத்திலேயே கைபேசியில் சேமித்துக்கொள்ளலாம்.