கமெண்ட் சொன்ன பொய்

காரைக்குடியில் என்னிடம் நிரல் எழுதப் பழக வருகிற பிள்ளைகள், நான் சறுக்கிய அதே படியில்தான் சறுக்குகிறார்கள். அடைப்புக்குறியை மூட மறப்பது பற்றிப் பேசப்போவதில்லை. அதற்குக் கணினியே திட்டிவிடும். கணினி திட்டாத தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன்.

நீண்டுகொண்டே போகும் ஃபங்ஷன்

ஃபங்ஷன் என்பது ஒரு வேலைக்காக நிரலில் தனியே பிரித்து எழுதும் பகுதி, வீட்டில் ஒரு கட்டு மாதிரி. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஆனாலும் முகப்பில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை, சமையல் பின்கட்டில்தான். பில் போடும் ஃபங்ஷனே வரியையும் கணக்கிட்டு, சரக்கிருப்பையும் குறைத்து, அச்சிடவும் செய்தால் வீடு முழுக்கப் புகைதான். அதற்காக மூன்று வரிக்கு ஒரு ஃபங்ஷன் என்று நறுக்கித் தள்ளினாலும் எனக்குப் பொறுக்காது.

நிரலை மாற்றிவிட்டுக் கமெண்டை மறப்பது

இன்னும் எரிச்சல் ஆறாதது இதில்தான். கமெண்ட் என்பது நிரலுக்குள் மனிதர் படிக்க எழுதும் குறிப்பு; கணினி அதைக் கண்டுகொள்ளாது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது குளிர்சாதன உணவகங்களுக்கு வரி 18 சதவீதம். ஓர் ஆச்சியின் உணவகத்துக்கு எழுதிய நிரலில், கணக்கின் நடுவே 18 என்று போட்டு, மேலே "ஏசி உணவகம், வரி 18 சதவீதம்" என்று கமெண்டும் எழுதினேன். நவம்பர் 15 முதல் அது 5 சதவீதமானது. எண்ணை மாற்றினேன், கமெண்டைத் தொடவில்லை.

மறு ஆண்டு புதிதாகச் சேர்ந்த பையன் 5-ஐ 18 ஆக்கிவிட்டான். "கமெண்ட் எழுதியவர் நீங்கள் அண்ணே, அதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்." திட்ட எனக்கு வாய் வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் 1,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 1,050 வாங்க வேண்டிய இடத்தில் 1,180 வாங்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமை ஆச்சி கேட்டார்: "தம்பி, பக்கத்துக் கடைக்கு ஐந்து, எனக்கு மட்டும் பதினெட்டா?" பழைய வீடுகளைப் பார்க்க வந்து சாப்பிட்டுப் போன வெளியூர்க்காரர்களை எங்கே தேடுவது? வரி என்று வாங்கிய பணத்தைக் கடை வைத்துக்கொள்ளவும் முடியாது, அரசுக்குக் கட்டியாக வேண்டும். ஆச்சிக்கு மிஞ்சியது கெட்ட பெயர்.

அந்த எண்ணுக்கு 'உணவக வரிவிகிதம்' என்று பொருள்படும் பெயர் கொடுத்து ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும். பெயரே பேசும்போது கமெண்ட் எதற்கு? நிரலால் சொல்ல முடியாததை மட்டும் எழுதலாம்: "இந்த விகிதத்தில் உள்ளீட்டு வரி வரவு கிடையாது." அதாவது, சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. பின்னாளில் ஒருவன் அந்தக் கொள்முதல் வரியைக் கழிக்கப் புகுந்தால் அந்த ஒரு வரி அவன் கையைப் பிடிக்கும்.

பழைய நிரலைக் கமெண்டாக்கிச் சேர்த்து வைப்பது

அழியுங்கள். நிரலின் பழைய வடிவங்களைச் சேமிக்கும் கிட் (Git) என்ற மென்பொருள் அதை வைத்திருக்கும்.

'டெம்ப்2', 'டேட்டா3'

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத இந்த மாதிரிப் பெயர்கள் வேண்டாம்.