ஊர்க் கூட்டத்தில் உலக அரசியல்: ஏற்பாட்டாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலக நடப்பைப் பற்றி ஊரில் ஒரு பேச்சுக் கூட்டம் போடலாம் என்று நூலக வாசகர் வட்டமோ, ரோட்டரி சங்கமோ, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாலு பேரோ முடிவெடுத்தால் எனக்கு அது பெரிய சந்தோஷம். டெல்லி சப்ரு ஹவுஸில் உலக விவகாரங்களுக்கான இந்திய கவுன்சில் நடத்தும் கூட்டத்துக்கு அருப்புக்கோட்டைக்காரர் போய் உட்கார முடியாது, டிவி விவாதத்தில் ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் பொறுப்பதில்லை. ஒரு விஷயத்தை ஒரு மணி நேரம் நிதானமாகக் கேட்டு, சந்தேகத்தை நேரிலேயே கேட்டுத் தெளிய ஊர்க் கூட்டத்தை விட்டால் வேறு இடமில்லை. அந்த இடத்தை வீணடிக்கிற தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன, அத்தனையும் முன்கூட்டியே யோசித்தால் தவிர்க்கக்கூடியவை.

தலைப்பிலேயே தவறு ஆரம்பிக்கிறது. ‘மாறிவரும் உலகில் இந்தியா’ என்று அழைப்பிதழில் போட்டுவிட்டால், பேச்சாளர் எல்லா ஊரிலும் பேசுகிற அதே பேச்சைத்தான் உங்கள் ஊரிலும் பேசுவார், அவரைக் குறை சொல்ல முடியாது, நீங்கள் அவரிடம் எதையும் கேட்கவில்லையே. தலைப்பை ஒரு கேள்வியாக வையுங்கள். உக்ரைன் போருக்கு முன்னால் இந்தியா இறக்குமதி செய்த கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு மிகச் சொற்பம், 2023 வாக்கில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் போய்விட்டது. ‘ரஷ்ய எண்ணெயை ஏன் இவ்வளவு வாங்கினோம், அதனால் யாருக்கு லாபம்?’ என்று போட்டுப் பாருங்கள். பெட்ரோல் பங்க்கில் நிற்கிற எல்லோருக்கும் அது தன் கேள்வியாகத் தெரியும், பேச்சாளரும் அதற்கென்று தயாரித்துக்கொண்டுதான் வந்தாக வேண்டும்.

அடுத்தது ஆள் தேர்வு. ‘முன்னாள் தூதர்’ என்றதும் உடனே தேதி வாங்கிவிடுகிறோம். அவர் எந்த நாட்டில், எந்த வருடங்களில் வேலை பார்த்தார் என்று கேட்பதில்லை. வெளியுறவுப் பணிக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயம் படிக்கிறார்கள், அரபி படித்தவர் பெரும்பாலும் அரபு நாடுகளில் சில வருடங்கள் இருந்திருப்பார், சீன மொழி படித்தவர் பெய்ஜிங்கைப் பார்த்திருப்பார். நைஜீரியாவில் பல வருடம் இருந்த ஒருவரைக் கூப்பிட்டு சீன எல்லையைப் பற்றிப் பேசச் சொன்னால், அவரும் நம்மைப்போலப் பத்திரிகையில் படித்ததைத்தான் சொல்லப்போகிறார். நைஜீரியாவைப் பற்றி அவர் சொல்லியிருக்கக்கூடியது நமக்குக் கிடைக்காமலே போய்விடும்.

தூதர் மட்டும்தான் பேச்சாளர் என்று நினைப்பதும் சரியில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மேல் 50 சதவீத வரி போட்டபோது அடி விழுந்த முதல் இடங்களில் ஒன்று திருப்பூர். அந்த வரியைப் பற்றிக் கோவையிலோ ஈரோட்டிலோ கூட்டம் போடுகிறவர்கள், பொருளாதாரப் பேராசிரியருக்குப் பக்கத்தில் ஒரு பின்னலாடை ஏற்றுமதியாளரையும் உட்காரவைக்க வேண்டும். அனுப்பத் தயாராக இருந்த ஆர்டரை நிறுத்தச் சொல்லி மெயில் வந்தால் என்ன செய்வார்கள், தள்ளுபடி யார் தலையில் விழும், வங்கி என்ன சொல்லும் என்பதை அவர் சொன்னால்தான் வாஷிங்டனில் போட்ட கையெழுத்து எப்படி ஒரு தையல்காரரின் ஓவர்டைம்வரை வருகிறது என்று புரியும். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய நர்ஸ், கப்பலில் செங்கடல் வழியாகப் போய்வந்த மாலுமி, இவர்களும் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் உறுத்துகிற தவறு, அடிப்படை விவரங்கள் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பை யாருக்கும் கொடுக்காமல் கூட்டத்தை ஆரம்பிப்பது. கச்சத்தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வெளியுறவு என்று கூட்டம் போட்டால் எப்படியும் அது வந்துவிடும், வந்தவுடன் 1974-ஐயும் 1976-ஐயும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். 1974 ஒப்பந்தம் தீவை இலங்கையின் பக்கம் விட்டது. அதன் ஐந்தாம் பிரிவு இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம், விசா வேண்டாம் என்கிறது. அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு நம் ஆட்கள் இன்றும் அப்படித்தான் போகிறார்கள். ஒரு நாட்டு மீனவர் இன்னொரு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் வருகிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளம் மிக்க கடல்பகுதி இந்தியாவுக்கு உறுதியானதும் அந்த 1976 பேச்சுவார்த்தையில்தான். இதோடு 2017-இல் இலங்கை இழுவைமடியை, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலையை, சட்டம் போட்டுத் தடை செய்ததையும் சேர்த்து ஒரு தாளில் அச்சடித்து நாற்காலியில் வைத்தால் போதும், பாதி சண்டை நடக்காது.

தாள் இல்லாத ஒரு கூட்டம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். கடலோர ஊர் ஒன்றில் பேச்சாளர் முக்கால் மணி நேரம் தீவை மீட்பது பற்றி உணர்ச்சியோடு பேசினார், கைதட்டல் பலமாக இருந்தது. அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒரு விசைப்படகுக்காரர் எழுந்து, “ஐயா, தீவு நம்ம கைக்கு வந்தாலும் கோடு கொஞ்சந்தானே நகரும், நாங்க எறாலுக்குப் போறது அதையும் தாண்டி அந்தக் கரைக்குப் பக்கத்துல, அதுக்கு என்ன வழி?” என்று கேட்டார். அன்றைய கூட்டத்திலேயே மிகச் சரியான கேள்வி அது. பாக் நீரிணைப் பிரச்சினையின் மையமே அங்கேதான் இருக்கிறது: வடக்கு இலங்கையின் தமிழ் மீனவர்கள் நம் இழுவைமடி தங்கள் வலையை அறுப்பதாகச் சொல்கிறார்கள், நம் படகுக்காரர்கள் கடன் வாங்கிப் படகு கட்டியிருக்கிறார்கள். பேச்சாளர் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே ஏற்பாட்டாளர் மைக்கை வாங்கி, நேரமாகிவிட்டது என்று நன்றியுரைக்குப் போய்விட்டார். அந்த மனிதர் அடுத்த கூட்டத்துக்கு எதற்காக வருவார்?

நேரம் எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்பவர்களின் வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொன்றுக்கும் போட்டோ. ஆறு மணிக் கூட்டத்தில் பேச வந்தவர் கைக்கு மைக் வரும்போது ஏழு தாண்டியிருக்கும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்து போக ஆரம்பித்திருப்பார்கள், அதில் பெரும்பாலும் பெண்களும் மாணவர்களும். மரியாதை செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரியாதையைக் கடைசியில் செய்யுங்கள், அறிமுகத்தை இரண்டு நிமிடத்தில் முடியுங்கள், மொத்த நேரத்தில் பாதியைக் கேள்விக்கு ஒதுக்கி அதை அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள்.

கேள்வி நேரத்தைத் திறந்துவிட்டால் முதல் ஆள் கேள்வி கேட்கமாட்டார், சொற்பொழிவு ஆற்றுவார். துண்டுச் சீட்டில் எழுதி வாங்கலாம், ஆனால் சங்கடமான சீட்டுகள் மேடையிலேயே காணாமல் போகிற பழக்கம் இருப்பதால் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. மைக்கை ஏற்பாட்டாளர் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நீட்டுவது நல்லது, ஒரு நிமிடம் ஆனதும் ‘கேள்வி என்னங்க?’ என்று பணிவாகக் கேட்கலாம். முதல் வாய்ப்பை ஒரு மாணவிக்குக் கொடுங்கள், அதற்குப் பிறகு கை தூக்குகிறவர்களின் வரிசையே மாறும்.

வரைபடம் இல்லாமல் கூட்டம் நடத்தாதீர்கள். ஹார்முஸ் நீரிணையின் மிகக் குறுகிய இடம் 40 கிலோமீட்டருக்கும் குறைவு என்று வாயால் சொல்வதும், ஈரானும் ஓமானும் எதிரெதிரே நிற்பதைத் திரையில் காட்டுவதும் ஒன்றல்ல. ஆனால் இணையத்தில் முதலில் கிடைத்த வெளிநாட்டுப் படத்தை அப்படியே எடுக்கக் கூடாது, காஷ்மீரும் அருணாச்சலமும் அதில் வேறு மாதிரி இருக்கும். சர்வே ஆஃப் இந்தியா படத்துக்கு மாறான இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம், ஆறு மாதம்வரை சிறைத்தண்டனைக்கு இடமிருக்கிறது. ஒரு நல்ல கூட்டம் இந்தக் காரணத்துக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம்.

வீடியோ எடுப்பதையும் முன்னாலேயே பேசி முடிவு செய்யுங்கள். கேமரா ஓடினால் ஓய்வுபெற்ற அதிகாரி எச்சரிக்கையாகத்தான் பேசுவார். சிலர் ‘சாத்தம் ஹவுஸ் விதி’ கேட்பார்கள், அதை வெளியே எதுவுமே சொல்லக் கூடாது என்று பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்ற வெளியுறவு ஆய்வு நிறுவனத்தில் 1927-இல் வந்த அந்த விதி, கேட்டதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், யார் சொன்னார், அங்கே யார் யார் இருந்தார்கள், எந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் என்பதை மட்டும் சொல்லக் கூடாது என்கிறது. முதல் பாதியைப் பதிவு செய்து, கேள்வி நேரத்தில் கேமராவை நிறுத்துவது நம் ஊருக்கு நடைமுறையில் சரிவரும். ஃபேஸ்புக் லைவ் போடுகிறவர்களையும் அப்போது கவனிக்க வேண்டும்.

பாலஸ்தீனம், ஈழம் மாதிரி மனசு கொதிக்கிற விஷயங்களில் ‘இரண்டு பக்கமும் வேண்டும்’ என்று எதிரெதிர் ஆட்கள் இருவரை மோதவிடுகிறார்கள். நியாயமாகத் தோன்றினாலும் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து போவதுதான் மிச்சம். ஒரே பேச்சாளரிடம், ‘உங்கள் கருத்துக்கு எதிரானவர்களின் மிகப் பலமான வாதம் எது, அதற்கு உங்கள் பதில் என்ன?’ என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அதைப் பேச்சிலேயே சொல்லச் சொல்லுங்கள். அதைச் செய்ய மறுக்கிறவரை அழைக்க வேண்டாம்.

கடைசியாக, ஒரே கூட்டத்தோடு விட்டுவிடுவது. அமெரிக்காவில் 1954-இல் ஒரேகான் மாநிலத்து போர்ட்லாந்தில் ‘கிரேட் டெசிஷன்ஸ்’ என்று ஒரு ஏற்பாடு தொடங்கியது. வருடத்துக்குப் பொதுவாக எட்டுத் தலைப்புகள், அக்கம்பக்கத்தார் ஒரே குறிப்பேட்டை முன்னாலேயே படித்துவிட்டு நூலகத்திலோ ஒருவர் வீட்டிலோ உட்கார்ந்து விவாதிப்பார்கள், இன்றுவரை நடக்கிறது. நம் கிளை நூலகத்தில் வருடத்துக்கு நாலு தலைப்பாவது முடியும். பதில் கிடைக்காத கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, பேச்சாளருக்கு அனுப்பி, பதிலை நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். விசைப்படகுக்காரரின் கேள்வியை முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.