குட்டை வெட்டும் முன்னும் பின்னும்: வறண்ட நிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண் வெட்டும் இயந்திரம் வந்து நின்ற பிறகுதான் பண்ணைக்குட்டைக்கு இடம் தேடுகிறார்கள். கடைசியில் பயிருக்கு உதவாத ஒரு மூலையைக் காட்டுவார்கள். அது மேடாக இருந்தால் மழைநீர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. கனமழை பெய்யும்போது குடையோடு வயலைச் சுற்றி வந்தால், நீர் எங்கே ஓடி எங்கே சேர்கிறது என்பது தெரிந்துவிடும்.

பெரிய நட்டம், அகலமாகவும் ஆழமின்றியும் வெட்டுவதில்தான். கடும் வெயிலில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாவது சாதாரணம். 300 சதுர மீட்டரில் 1 மீட்டர் ஆழத்துக்கு நிற்கும் 3 லட்சம் லிட்டரிலிருந்து தினமும் 1,800 லிட்டர் போய்விடும். அதே நீர் 100 சதுர மீட்டரில் 3 மீட்டர் ஆழத்துக்கு நின்றால் இழப்பு 600 லிட்டர்தான். (கரைச் சரிவைச் சேர்க்காத கணக்கு இது. அதற்காகக் கரையைச் செங்குத்தாக வெட்டிவிடாதீர்கள், சரிந்துவிடும்.) அடியில் மணல் தட்டினால் களிமண் பூச்சோ பிளாஸ்டிக் விரிப்போ தேவை. விரிப்பு வழுக்கும், உள்ளே விழுந்தவர் ஏறிவர முடியாது. வேலியும், பிடித்து ஏற முடிச்சிட்ட கயிறும் இல்லாமல் நீரைத் தேக்கவே கூடாது.

நீர் நுழையும் வாயில் வண்டல் படிய ஒரு சிறு குழி, மிகுதி நீர் வெளியேற ஒரு வழி: இரண்டையும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால், முன்னது இல்லாமல் குட்டை மெல்லத் தூர்ந்துபோகும், பின்னது இல்லாமல் ஒரே மழையில் கரை உடையும்.

குட்டை நீரில் பாசி இருக்கும். வெறும் வலை வடிகட்டியை நம்பிச் சொட்டுநீர்க் குழாய் போட்டால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். மணல் வடிகட்டி வைத்து, குழாய் முனைகளை அவ்வப்போது திறந்து கழுவிவிட வேண்டும்.

மேல்மண் காய்ந்ததும் பதறிப்போய் நீர் விடுவதும் வீண். ஒரு சாண் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் பெரும்பாலும் பொறுக்கலாம். வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்காகப் போட்டால் இன்னும் சில நாள் தாங்கும்.

குட்டை நிரம்பிய மகிழ்ச்சியில் நிலம் முழுவதும் விதைப்பவர்களும் உண்டு. ஒரு ஏக்கருக்கு 50 மில்லிமீட்டர் பாய்ச்ச ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். அந்த 3 லட்சம் லிட்டர் குட்டை, ஒரு சொட்டும் வீணாகாவிட்டாலும், ஒன்றரை முறைப் பாசனத்துக்குத்தான் வரும். அதைப் பூக்கும் பருவத்தில் மழை பொய்த்தால் மட்டும் தொடுவது என்று ஒதுக்கி, விதைக்கும் பரப்பை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.