டிசம்பரா, பொங்கலுக்கு அப்புறமா? நண்பனோடு சர்ஃபிங் போக இடம் தேர்ந்தெடுப்பது எப்படி

யாரோ போட்ட லிட்டில் அந்தமான் ரீல்ஸைப் பார்த்துவிட்டு "மச்சான், கிறிஸ்துமஸ் லீவுக்கு இங்க போயிடலாம்டா" என்று நண்பன் அனுப்புவான், நீங்களும் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிடுவீர்கள், பேச்சு அங்கிருந்து நேராக விமான டிக்கெட்டுக்குப் போய்விடும். கொஞ்சம் பொறுங்கள். அந்த அலை பெரும்பாலும் மார்ச் நடுவுக்கு மேல் வருகிற அலை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கிளம்பும் புயல்கள் அனுப்புகிற ஸ்வெல் (தொலைவிலிருந்து ஓடி வரும் அலைத் தொடர்) அது, டிசம்பரில் அங்கே அதை எதிர்பார்க்க முடியாது. லட்சத்தீவும் அப்படித்தான், அதற்கு பெர்மிட் வேறு வாங்க வேண்டும். அதனால் இடத்தைப் பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள். லீவு எந்தத் தேதியில் கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள், பாதி இடங்கள் தானாகவே கழன்றுவிடும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே ஒத்துக்கொள்ளுங்கள்: நம்மூரில் குளிர்காலம் பெரிய அலைக்கான காலம் இல்லை. மாமல்லபுரத்தில் 2023-இல் நடந்த உலக சர்ஃப் லீக் தகுதிச்சுற்றுப் போட்டியும் சரி, 2025-இல் நம் நாட்டு வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கிய ஆசியப் போட்டியும் சரி, இரண்டுமே ஆகஸ்டில் நடந்தவை. மங்களூர் பக்கம் நடக்கும் இந்தியன் ஓப்பன் மே கடைசி, ஜூன் தொடக்கத்தை ஒட்டி வரும். அலை எப்போது இருக்கும் என்று தெரிந்துதான் போட்டி வைக்கிறார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும், புயல் மழை இல்லாத நாட்களில், நமக்குக் கிடைப்பது சின்ன அலை, சுத்தமான அலை, சுடாத வெயில். கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

இப்போது தேதி. டிசம்பர் முடியும் வரைக்கும் கிழக்குக் கடற்கரை வடகிழக்குப் பருவமழையின் கையில் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தது, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. இந்த மாதிரி வாரத்துக்குப் பணம் திரும்பி வராத அறையை சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்திலோ புதுச்சேரியிலோ முன்கூட்டியே போட்டு வைப்பது லாட்டரி. இரண்டு தாழ்வு மண்டலங்களுக்கு நடுவே அருமையான நாட்களும் வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பிடிக்க ஈசிஆரை ஒட்டிக் குடியிருக்க வேண்டும், காலையில் எழுந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும். மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ லீவு போட்டு வருகிறவர்களுக்கு இது சரிவராது.

இந்த மழையைக் கொண்டுவரும் அதே வாடைக் காற்று மேற்குக் கடற்கரையில் நல்லவனாகிவிடுகிறது. நிலத்தைத் தாண்டி வந்து, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும், அலையின் முகத்தைச் சீவி வழவழப்பாக வைத்திருக்கும். உயரம் மட்டும்தான் குறைவு. அதிலும் வர்க்கலா, கேரளக் கோவளம் போன்ற தென்கோடி இடங்கள் இந்தியப் பெருங்கடலுக்கு நேராகத் திறந்திருப்பதால், தெற்கிலிருந்து மெலிதாக வருகிற நீண்ட ஸ்வெல் கொஞ்சமாவது அங்கே எட்டிப் பார்க்கும். வடக்கே போகப் போக கடல் தட்டையாகிக்கொண்டே போகும். டிசம்பர் கோவா என்பது என்னைப் பொறுத்தவரை பார்ட்டிக்கு சர்ஃப் போர்டைச் சாக்காக வைப்பது. அதுதான் வேண்டுமென்றால் தாராளமாகப் போங்கள், அலை இல்லை என்று அங்கே போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து உங்கள் இருவரின் நிலை, இங்கேதான் நட்பு அடி வாங்கும். "எனக்கு கொஞ்சம் தெரியும்டா" என்று நண்பன் சொன்னால், புதுச்சேரியில் ஒரு வகுப்புப் போனான், பயிற்சியாளர் பின்னாலிருந்து போர்டைத் தள்ளிவிட்டார், எழுந்து நின்றான் என்று அர்த்தமாக இருக்கலாம். நேராகவே கேளுங்கள். கால் எட்டாத தண்ணீரில் பத்து நிமிடம் பதறாமல் நீந்துவாயா? யாரும் தள்ளாமல், இன்னும் நுரையாக உடையாத அலையை நீயே கையால் துழாவிப் பிடித்திருக்கிறாயா? இரண்டு கேள்விக்கும் வருகிற பதிலை வைத்து, இருவரில் யாருக்குக் குறைவாகத் தெரியுமோ அவருக்கு ஏற்ற கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள். நன்றாகத் தெரிந்தவர் இடுப்பளவு அலையிலும் ஒன்பதடி லாங்போர்டை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பார், தெரியாதவர் தலைக்கு மேல் வருகிற அலையில் பயந்து கரையில் உட்கார்ந்து போன் பார்ப்பார். நீச்சலே தெரியாது என்றால், இந்தக் குளிர்காலத்தை நீச்சல் குளத்தில் செலவழிக்கச் சொல்லுங்கள்.

டிசம்பர், இருவருமே புதியவர்கள் என்றால் நான் வர்க்கலாவைச் சொல்வேன். ரயிலில் வர்க்கலா சிவகிரியில் இறங்கினால் செம்மண் குன்றும் கடலும் பக்கத்திலேயே, சர்ஃப் பள்ளிகளும் இருக்கின்றன, அலை இல்லாத மதியத்தைக் குன்றின் மேல் நடந்தே கழித்துவிடலாம். கூட்டமே ஆகாது என்கிற ஆட்களுக்கு மங்களூருக்கு வடக்கே மூல்கி: ஜாக் ஹெப்னர் என்கிற அமெரிக்கச் சாமியாரின் ஆசிரமத்தால் இந்திய சர்ஃபிங் வரைபடத்தில் ஏறிய ஊர். கடல் தூங்கினாலும் சாம்பவி ஆற்றில் நின்றபடி துடுப்புப் போடும் பலகையை ஓட்டலாம். ஆனால் சாயங்காலம் செய்ய எதுவும் இருக்காது, சாப்பிட்டுத் தூங்க வேண்டியதுதான். பொங்கல் கழிந்து போகிறீர்கள் என்றால் கேரளா வரை போகவே வேண்டாம், மழை ஓய்ந்த கோவளமும் மாமல்லபுரமும் போதும். இருவரும் கைதேர்ந்தவர்கள், டிசம்பரிலேயே வேகமான அலை வேண்டும் என்றால், எதையும் புக் பண்ணாமல் மூன்று நாள் முன்னால் வானிலையைப் பார்த்து மாமல்லபுரத்துக்குக் கிளம்புங்கள்.

வானிலையைப் பார்ப்பதென்றால் மழைச் சின்னத்தைப் பார்ப்பதல்ல. விண்டி மாதிரி ஒரு செயலியைத் திறந்து, அலையின் உயரத்தோடு அதன் இடைவெளியையும் பாருங்கள், நொடிக் கணக்கில் போட்டிருக்கும். 1.2 மீட்டர், 6 நொடி என்றிருந்தால் உயரத்தைக் கண்டு குதிக்காதீர்கள். அது பக்கத்துக் காற்று கிளப்பிவிட்ட கலங்கல், ஒன்றின் மேல் ஒன்றாக வந்து மூஞ்சியில் அடிக்கும், உள்ளே போவதற்குள் கை ஓய்ந்துவிடும். 0.6 மீட்டர், 13 நொடி என்றால் தொலைவிலிருந்து வரிசை கட்டி வருகிற ஸ்வெல், நடுவில் மூச்சு விட நேரம் கொடுக்கும், நான் பையைக் கட்டுவது இதற்குத்தான். காற்று காலை ஒன்பது மணிக்குள் எப்படி என்று மட்டும் பார்த்தால் போதும், அதற்கப்புறம் கடற்காற்று ஏறிவிடும். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் கடல் எச்சரிக்கை கொடுத்திருந்தாலோ, மீனவர்கள் ஃபைபர் படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தாலோ, அன்றைக்குத் தண்ணீரில் இறங்கும் பேச்சே வேண்டாம். பெருமழைக்குப் பின் முட்டுக்காடு போன்ற முகத்துவாரங்களுக்குப் பக்கத்திலும் சில நாள் இறங்க வேண்டாம், ஊர்க் கழிவெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்கு வரும்.

காசு விஷயம் சுருக்கமாக. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை வர்க்கலா, புதுச்சேரி, கோவா எல்லா இடத்திலும் அறை வாடகை எகிறும். டிசம்பர் இரண்டாவது வாரம் கிடைத்தால் விடாதீர்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, அதனால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். போர்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பள்ளியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட்டும் தேவையில்லை, நம் கடலுக்கு உடம்போடு ஒட்டும் முழுக்கைச் சட்டையான ராஷ்கார்டு போதும். அறையை மட்டும் கடற்கரைக்கு நடக்கிற தூரத்தில் எடுங்கள், ஆறு மணிக்கு ஆட்டோ தேடி நின்றால் நல்ல காற்று போய்விடும்.

கடைசியாக, கிளம்புவதற்கு முன்பே நண்பனோடு இரண்டு விஷயம் பேசி வையுங்கள். அலையே இல்லாத நாளில் என்ன செய்வது, ஒருவர் "போதும், வெளியே வா" என்றால் மற்றவர் வாதாடாமல் வந்துவிட வேண்டுமா. இரண்டாவதுக்கு நண்பன் இழுத்தால், அவனோடு மலைக்குப் போங்கள். ஒத்துக்கொண்டால் பள்ளிக்கு போன் போட்டு, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள், இரண்டு மூன்று பேர் என்றால் முதல் நாள் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு மீதி நாட்களைத் திறந்தே வையுங்கள்.