விஆர் பாடம் முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாள்

விஆரில் (கண்ணில் மாட்டும் ஹெட்செட் வழியே பார்க்கும் மெய்நிகர் உலகில்) உடற்கூறியல் படிப்பவர்கள், ஹெட்செட்டைக் கழற்றிய கையோடு, அப்போது பார்த்த உறுப்பை எதையும் பார்க்காமல் ஒரு தாளில் வரைந்து பெயர்களை எழுதுங்கள். இதயம் என்றால் நான்கு அறைகள், வால்வுகள், இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி தமனிகள் எந்தப் பள்ளத்தில் ஓடுகின்றன என்பது வரை. படம் கோணலாக இருந்தால் பரவாயில்லை. பேனா எங்கே நிற்கிறதோ அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி விஆரில் போனால் போதும். முழுப் பாடத்தையும் திரும்ப ஓட்ட வேண்டாம்.

முப்பரிமாணத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிவதால், புரிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் பார்த்து அடையாளம் சொல்வது வேறு, நினைவிலிருந்து எடுப்பது வேறு. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதுதான் நாள்பட நிற்கிறது என்று 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட சோதனைகள் காட்டின. (நாம்தான் இன்னும் அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கிறோம்.)

தையல் போடுவது, வயிற்றை அழுத்திப் பார்ப்பது போன்ற கைவேலைகளுக்கு இது உதவாது. விஆரில் கையில் பிடிக்கும் சாதாரண கன்ட்ரோலரும் திசுவின் இறுக்கத்தைக் கையில் உணர்த்தாது. அதற்குப் பயிற்சி மாதிரிகள்தான் சரி. அப்புறம், விஆரில் தலைசுற்றுபவர்கள் அது அடங்கிய பிறகு பேனாவை எடுக்கலாம்.