பேனல் புதிது, ஒயர் பழையது

ராமேஸ்வரத்தில் பழைய ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் தீ எச்சரிக்கைக் கருவிகளைப் புதுப்பிக்கும் வேலை. ஏணியில் ஏறி இரண்டாம் மாடி நடையில் புகையை உணர்வதற்காக மாட்டியிருந்த டிடெக்டரைத் திருகிக் கழற்றினேன். சிவப்பு பிளாஸ்டிக் குல்லாய் அப்படியே மாட்டியிருந்தது. பெயின்ட் அடிக்கும்போது தூசி புகாமல் இருக்கப் போடுகிற மூடி அது. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்காததோடு, அதன்மேல் மூன்று கோட்டிங் பெயின்டும் ஏறியிருந்தது. புகை உள்ளே போக வழியே இல்லை. கீழே, எல்லா டிடெக்டர்களின் ஒயரும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலில் மட்டும் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பச்சை விளக்கை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "பேனல் பழசாகிவிட்டது, புதிது வாங்கிப் போட்டுவிடலாம்" என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போடுவார்கள். சுவருக்குள் ஓடும் ஒயர் பற்றிப் பேச்சே எழாது. அந்த டிடெக்டரின் அடித்தட்டில் செம்பு முனைகள் பச்சைக் களிம்பு பூத்து, திருகாணி துருவில் இறுகிக் கிடந்தன. வாடைக் காற்றானாலும் கச்சான் காற்றானாலும் இங்கே காற்றில் உப்பு இல்லாத நாள் கிடையாது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று இது. பெயின்ட் பூச்சுகூட இல்லாத ஒரு சின்னத் திருகாணி எம்மாத்திரம்?

ஆகவே, விலைப்பட்டியல் வாங்குமுன் மெக்கர் என்ற அளவுக் கருவியை வைத்து ஒயரின் காப்புத்திறனை, அதாவது மின்சாரம் கசியாமல் உறை தாங்குகிறதா என்பதை, சோதிக்கச் சொல்லுங்கள். சோதிக்குமுன் டிடெக்டர்களையும் பேனலையும் கழற்றிவிட வேண்டும். மெக்கரின் 500 வோல்ட் அவற்றைக் கருக்கிவிடும். அவசரக்காரர்கள் இப்படி ஒரு மாடியையே பழுதாக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய முறையில் ஒரு மாடிக்கு ஒரு ஜோடி ஒயர் போய், கடைசியில் ரெசிஸ்டர் என்ற சின்ன மின்தடையோடு முடிந்துவிடும். எந்த அறையில் புகை என்று தனித்தனியே காட்டும் அட்ரசபிள் முறையில், ஒயர் எல்லா டிடெக்டர்களையும் சுற்றிவிட்டுப் பேனலுக்கே திரும்ப வேண்டும். அப்போதுதான் நடுவில் ஓரிடத்தில் அறுந்தாலும் இரு பக்கமிருந்தும் தகவல் வரும். பழைய ஒயரையே வைத்துக்கொண்டு புதிய பேனலைப் பூட்டினால் அந்தத் திரும்பும் வழி இருக்காது. கொடுத்த காசில் பாதி வீண். புதிதாக இழுக்கும் ஒயர் தீயைத் தாங்கும் வகையாக இருக்கட்டும். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே அதையும் திணிக்க விடாதீர்கள்.

எந்த இடத்துக்கு எந்த டிடெக்டர் என்பதில்தான் அடுத்த சறுக்கல். எல்லா இடத்துக்கும் புகை டிடெக்டரே வாங்குவார்கள். சமையலறையில் கருவாடு வறுக்கும்போது ஒருமுறை அலறும், வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு ஒருமுறை, குளியலறை வெந்நீர் ஆவிக்கு ஒருமுறை. நான்காவது முறை வாட்ச்மேன் சத்தத்தை நிறுத்தி வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சமையலறைக்கு வெப்பத்தை உணரும் டிடெக்டர் போதும். நடையில் வைப்பதைக் குளியலறைக் கதவை விட்டும், ஏசி காற்று நேராக வீசும் இடத்தை விட்டும் தள்ளி வையுங்கள்.

சத்தம் யாருக்குக் கேட்க வேண்டும்? நடையில் ஹூட்டர் என்ற அபாய ஒலிப்பான் ஒன்று கத்தினால் போதும் என்பார்கள். கீழக்கரைப் பக்கம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, வயதான அத்தாவும் உம்மாவும் மட்டும் ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் வீடுகள் எத்தனை! தூங்குகிறவர் தலைமாட்டில் 75 டெசிபெல் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. கதவைச் சாத்திவிட்டு அளந்து பாருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவதும் இந்தக் கரையோரத்தின் தனி வழக்கம். மாதக்கணக்கில் ஆளில்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். புகைந்தால் பார்க்க ஆளில்லை. வேலை தொடங்குமுன்பே சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

"நம்முடையது உயர்மாடிக் கட்டடமே இல்லை" என்று ஒரு சங்கச் செயலாளர் வாதாடினார். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அப்படிச் சொல்கின்றன. அவர் சொன்னது சரிதான். ஆனால் அங்கே மாடிப்படி ஒன்றே ஒன்று. ராமநாதபுரத்திலிருந்து கூடுதல் தீயணைப்பு வண்டி தேவைப்பட்டால், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்துதான் தீவுக்குள் வர வேண்டும்.

பழையதை மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதற்குக் காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு மாடியாக மாற்றுங்கள். இடைப்பட்ட இரவுகளில் ஆள் சுற்றி வரட்டும்.

வேலையை ஒப்படைக்கும் நாளில் பேனலின் டெஸ்ட் பொத்தானை அழுத்திக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு புகை டிடெக்டரிலும் சோதனைப் புகை அடித்துப் பார்க்க வேண்டும். ஊதுபத்தி வேண்டாம், அதன் பிசுக்கு உள்ளே படியும். முதலில் சொன்ன குடியிருப்பில் நான்காம் மாடியில் நான் புகை அடித்ததும் ஹூட்டர் அலறியது. வாட்ச்மேன் அண்ணன் பேனலைப் படித்துவிட்டு ஓடினார், இரண்டாம் மாடிக்கு. அவர் படித்ததில் பிழை இல்லை. எழுதியவர்தான் இரண்டு மாடிகளின் பெயரையும் மாற்றிப் பதிந்திருந்தார்.